பீட் மண்ணில் ‘வசந்தப் பலி’: சமகால நடன விழாவின் உச்சம் இதுதானா?

தெற்குவாசல்:
2022 மார்ச்சில் அடிலெய்ட் விழா, ஜூனில் லண்டன் சேட்லர்ஸ் வெல்ஸ், 2023 கடைசியில் நியூயார்க் பார்க் அவென்யூ ஆர்மரி. எங்கே போனாலும் ‘தவறவிடக் கூடாதவை’ பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்: ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பாவுஷின் ‘வசந்தப் பலி’ (தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்), 14 ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு. நன்றாக ஆடுகிறார்கள், அதில் சண்டை இல்லை. ஆனால் இது 1975 டிசம்பர் 3 அன்று ஜெர்மனியின் வூப்பர்டாலில் அரங்கேறிய படைப்பு. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை அதற்கும் முந்தையது, 1913. சமகாலம் என்று பலகை மாட்டிவிட்டு அரை நூற்றாண்டுப் பழையதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அதே மாலையின் முதல் பாதியில் செனகலின் மூத்த நடனக் கலைஞர் ஷெர்மேன் அகோனியும் பாவுஷ் குழுவில் ஆடிய மாலூ ஐரோதோவும் புதிதாகச் செய்த ‘காமன் கிரவுண்ட்ஸ்’ அரைமணி நேரம் நடக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை. என்னைக் கேட்டால் அந்த மாலையின் உச்சம் அதுதான்.

பின்மேடை:
பழசு என்பதாலேயே தள்ளிவிட முடியாது தோழர். விழா என்கிற அமைப்பு எதற்கு இருக்கிறது? தனி ஒரு குழுவால் தாங்க முடியாத வேலையைத் தாங்கத்தான். இதன் தரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோல்ஃப் போர்ட்ஸிக் வடிவமைத்த மேடையில் திரைச்சீலை, படிக்கட்டு எதுவும் கிடையாது. பரப்பு முழுக்க பீட் மண், அதாவது சதுப்பில் மக்கிய பாசி. 12 மீட்டருக்கு 12 மீட்டர் மேடையில் 5 செ.மீ. கனம் என்று வைத்தால் 7.2 கன மீட்டர். ஈரமான பீட் கன மீட்டருக்கு 300 கிலோ என்று கொண்டால் இரண்டு டன்னுக்கு மேல் போகும். 1100 லிட்டர் சக்கரத்தொட்டியில் ஏழு தொட்டி. இதை இடைவேளைக்குள் கொட்டி, இழுத்து, சமப்படுத்தி முடிக்க வேண்டும்.

கொட்டுவதற்கு முன் வேலை இன்னும் நுணுக்கம். தரைக்கு மேல் நீர் புகாத விரிப்பு, அதற்கு மேல் கெட்டித் துணி. நாலு ஓரமும் இழுத்து அறைந்திருக்க வேண்டும். துணி ஒரு விரல் அளவு தளர்ந்தாலும் ஆட்டத்தில் மண்ணுக்கு அடியில் மடிப்பு விழும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஓடி வருகிறவரின் கால் அதில்தான் தட்டும். மண்ணைச் சலித்து குச்சி, கல் பொறுக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் வெறுங்கால். ஈரப்பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் தூசி கிளம்பி மூக்கிலும் கண்ணிலும் ஏறும். நனைந்தால் வழுக்கும், கனக்கும். விளக்குச் சூட்டில் மேல்தோல் முதலில் காயும் என்பதால் கடைசி நேரத்தில் மெல்லிய தூவல் ஒன்று கொடுப்பது நல்லது. காட்சி முடிந்ததும் அள்ளி அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கிளறி விட வேண்டும்.

வேப்பங்காய்:
அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் செலவுக் கணக்கு. இரண்டு டன் மண் கொட்டினால் உச்சம் ஆகிவிடுமா? இடைவேளையில் ஜனங்கள் காபிக்குக் கூடப் போகாமல் தொட்டி கவிழ்ப்பதைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் நடனத்துக்கா, துடைப்பத்துக்கா?

அதோடு, இந்தக் குழுவே பீட் இல்லாமல் ஆடிய பதிவு இருக்கிறது. 2020 மார்ச்சில் டக்காரில் நடக்க வேண்டிய முதல் காட்சி கொரோனாவால் நின்றுபோனது. கலைவதற்கு முன் செனகலின் தூபாப் தியாலாவ் கடற்கரையில் ஒரு மாலை ஒத்திகை முழுவதையும் படம் பிடித்தார்கள். வெறும் மணல். அதில் என்ன குறைந்துவிட்டது?

பின்மேடை:
ஒட்டுவது குறைந்துவிட்டது. மணல் காய்ந்ததும் உதிரும். பீட் வியர்வையோடு சேர்ந்து தோலில் அப்பிக்கொள்ளும். பெண்கள் வெளிர்நிற மெல்லிய உள்ளாடை போன்ற கவுனிலும் ஆண்கள் திறந்த மார்போடும் வருகிறார்கள். இருபதாவது நிமிடத்தில் பார்த்தால் யார் எத்தனை முறை விழுந்தார்கள், எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்று அந்தக் கவுனில் எழுதியிருக்கும். ஒப்பனையில் இதைச் செய்ய முடியாது. 35 நிமிடத்தில் களைப்பு கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறுகிறது. துடைப்பத்துக்குக் கை தட்டினால் தட்டட்டும், அந்த ஆட்களும் மேடைக் கலைஞர்கள்தான்.

மோராகோர்வை:
மண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் காதை விட்டுவிட்டார்கள். மரத்தரையில் முப்பது பேர் குதித்தால் அடி கேட்கும், ஒருவர் தாளத்தை இன்னொருவர் காலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பீட் அந்தச் சத்தத்தை விழுங்கிவிடும், மூச்சுதான் கேட்கும். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரிய, முதல் பகுதியில் நரம்பு வாத்தியங்கள் ஒரே கூட்டுச்சுரத்தை இடித்துக்கொண்டே இருக்கும் இடத்தை ஆதி தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள். 32 அட்சரம், நாலு ஆவர்த்தனம். முதல் ஆவர்த்தனத்தில் அழுத்தமே இல்லை. இரண்டாவதில் 2, 4. மூன்றாவதில் 2, 5. நான்காவதில் 1, 6. ஒவ்வொரு அழுத்தத்திலும் வெட்டிப் பிரித்தால் 9, 2, 6, 3, 4, 5, 3. நம் ஊர் கோர்வை (முடிப்புத் தாளக் கணக்கு) மாதிரி சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்க அடிக்கு, வந்து நிற்கும் ஆறுதல் இதில் கிடையாது. இதை உடம்பில் ஏற்றி, மண்ணில் கால் புதைந்து ஒரு இமை தாமதமாக எழும்பும் நிலையிலும் முப்பது பேர் முழங்கையை ஒரே நேரத்தில் விலாவில் இறக்க வேண்டும். எண்ணிக்கொண்டே ஆடுகிறவர்கள் பிந்துவார்கள், அழுத்தத்துக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் பிந்துவார்கள். மூச்சை முன்கூட்டியே எடுத்து, மண்ணிலிருந்து காலைப் பிடுங்குவதையும் கணக்கில் சேர்த்தால்தான் நிற்கும். இந்தப் பயிற்சி காகிதக் குறிப்பிலிருந்து வராது. 1975 குழுவில் ஆடிய ஜோசஃபின் ஆன் எண்டிகாட் மாதிரி ஆட்கள் நேரில் நின்று கற்றுக் கொடுத்துத்தான் வந்திருக்கிறது. இப்படி உடம்பிலிருந்து உடம்புக்குப் போகிற படைப்பு ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

தெற்குவாசல்:
கோர்வைக் கணக்குக்கு நன்றி. ஆனால் கடைசி வரியில் நழுவுகிறீர்கள் சார். அந்த நியாயப்படி நூறு வருஷத்துப் பரதநாட்டியப் பதவர்ணமும் ஒவ்வொரு மார்கழியிலும் புதிதுதான். அதைச் சமகால நடனம் என்று யாரும் அறிவிப்பதில்லை. 1997-இல் பாரிஸ் ஓப்பராவுக்குப் போனது, 2017-இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேவுக்குப் போனது. இது ஏற்கெனவே செவ்வியல் ஆகிவிட்டது. செவ்வியலாகவே போடுங்கள், முதலிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ‘ஆப்பிரிக்க உடல்களில் ஒரு புதிய பிறப்பு’ என்கிற மாதிரி விளம்பர வரிகள் எனக்கு ஒவ்வவில்லை. அகோனி, செனகல் அதிபர் சென்கோரும் பிரெஞ்சு நடன அமைப்பாளர் பெஜாரும் டக்காரில் தொடங்கிய முத்ரா ஆஃப்ரிக் பள்ளியை 1977 முதல் 1982 வரை நடத்தியவர். தனக்கென ஒரு நுட்பத்தையே உருவாக்கியவர். பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஒலிவியே துபுவா அவருக்காகவே இதே ஸ்ட்ராவின்ஸ்கி இசைக்கு ‘மோன் எலு நுவார்’ என்ற தனியாட்டம் அமைத்திருக்கிறார். 2021-இல் வெனிஸ் பியன்னாலே கலைவிழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. இவ்வளவு இருந்தும் விழாக்காரர்கள் அவருடைய பள்ளியில் கூடிய கலைஞர்களுக்கு ஜெர்மன் படைப்பு ஒன்று கிடைத்ததும்தான் பெரிய அரங்கைத் திறந்தார்கள்.

வேப்பங்காய்:
அதைச் சொல்லுங்க. பணம் யாருடையது, உரிமை யாருடையது என்று பாருங்க. பீனா பாவுஷ் அறக்கட்டளை, சேட்லர்ஸ் வெல்ஸ், செனகலில் இருக்கும் அகோனியின் நடனப் பள்ளி எகோல் தெ சாப்ள் மூன்றும் சேர்ந்த தயாரிப்பு. மூன்றில் இரண்டு ஐரோப்பா.

கடற்கரைச்சாலை:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. அகோனி ஒன்றும் அறியாத பிள்ளை இல்லை. எகோல் தெ சாப்ள் என்பதே ‘மணல்களின் பள்ளி’. அங்கே ஒரு பயிற்சிக் கூடத்தின் தரையே மணல்தான். மணலில் பழகின கெண்டைக்கால் வேற மாதிரி வேலை செய்யும். தள்ளுற விசையில் ஒரு பங்கை மணல் தின்னும், அதனால எழும்ப முட்டியை இன்னும் ஆழமா மடக்கணும், இறங்கும்போது குதிகாலை முழுசா வைக்கணும். இந்த நடனத்துக்கும் அடிப்படை அதேதான்: ஆழமான மடக்கு, தரையை நோக்கிய எடை, முதுகுத்தண்டிலிருந்து கிளம்புற அலை. பாலே குழு ஆடும்போது மேல் நோக்கி இழுக்கிற பழக்கத்தை முதலில் கழற்றி வைக்கணும். இவங்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ‘ஆப்பிரிக்க உடல்’ என்ற மாயமெல்லாம் வேண்டாம், பயிற்சி எடுத்த தரை ஒரு காரணம், அவ்வளவுதான். பலிக்குத் தேர்ந்தெடுத்த பெண் சிவப்பு உடையில் கடைசி ஐந்து நிமிஷத் தனியாட்டத்துக்கு வரும்போது அவள் காலில் இன்னும் விசை மிச்சம் இருப்பது அதனாலும்தான்.

‘காமன் கிரவுண்ட்ஸ்’ பேசப்படலைன்னா அதுக்குக் காரணம் வரிசை. எழுபது தாண்டிய இரண்டு பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து தொடங்குற, அவசரமே இல்லாத படைப்பு. அதைப் பெரிய அரங்கில் முதலில் போட்டால் பின்வரிசைக்குத் தோளின் அசைவே போய்ச் சேராது. முந்நூறு இருக்கை அரங்கில் தனியாகப் போட்டால் தெற்குவாசல் சொல்றது நடக்கும்.

தெற்குவாசல்:
சின்ன அரங்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையை மாற்ற முடியாது, மண் கொட்டிய பிறகு அதன்மேல் அவர்கள் இருவரும் ஆட முடியுமா? மண்ணுக்காகத்தான் அவர்கள் முன்னால் தள்ளப்பட்டார்கள். நான் சொன்னதும் அதுவே.

பின்மேடை:
உண்மை. மண் எப்போதும் கடைசிதான். இரண்டு நாளாகப் பிரித்தால் இரண்டுக்கும் நல்லது, இடைவேளை நெருக்கடியும் இல்லை. ஆனால் டிக்கெட் விற்கிறவர் ஒரே மாலையைத்தான் கேட்பார்.

நார்க்கட்டி:
விவாதத்துக்கு நடுவில் ஒரு தொழில் கேள்வி. பீட் எடுக்கச் சதுப்பை வடிக்கிறார்கள், அதில் அடைந்திருக்கும் கார்பன் வெளியேறுகிறது. தோட்டக்கலையில் ஐரோப்பாவே பீட்டைக் குறைத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவை வாங்குகிறது. 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். பின்மேடை சொன்ன 7.2 கன மீட்டருக்கு நூற்றுச் சொச்சம் கட்டி போதும். மேடையிலும் மாற்றலாமே?

பின்மேடை:
நிறம் ஒரு சிக்கல்: பீட் கறுப்பு, நார்க்கழிவு செம்பழுப்பு, விளக்கு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, கழுவாத கட்டி என்றால் உப்பு அதிகம், வெறுங்காலில் சிராய்ப்பு இருந்தால் எரியும். கழுவிய தரம்தான் வாங்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிது: அமுக்கினால் திரும்ப உப்பும், பீட் அளவுக்குக் கட்டிப்பிடிக்காது. சுழலும்போது காலடியில் உருளும். பாதி நார்க்கழிவின் நுண்துகள், பாதி மக்கிய கம்போஸ்ட் என்று கலந்து, மேடைக்கு வெளியே 2 மீட்டர் சதுரத்தில் விரித்து, ஆட்டக்காரர் இருவரை முழு வேகத்தில் ஓடி நிற்கச் சொல்லிப் பார்க்கலாம். நிற்கும்போது ஒரு சாணுக்கு மேல் சறுக்கினால் அந்தக் கலவை ஆகாது.

வேப்பங்காய்:
அப்போ அது பீனா பாவுஷ் படைப்பா, பொள்ளாச்சி படைப்பா? அறக்கட்டளை கையெழுத்துப் போடுமா?

மோராகோர்வை:
போர்ட்ஸிக் வடிவமைப்பும் படைப்பின் பகுதிதான், கேட்காமல் மாற்ற முடியாது. அது கிடக்கட்டும். பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்வரிசை வாங்காதீர்கள். வட்டமாக நின்று மிதிக்கும் இடத்தின் வடிவம் முதல் மாடியிலிருந்துதான் பிடிபடும்.

கடற்கரைச்சாலை:
மாடியில் உட்கார்ந்தா மூச்சுச் சத்தம் கேக்காது சார், மண் வாசனையும் வராது. நீங்களே காதைப் பத்திச் சொல்லிட்டு இப்படிச் சொல்லலாமா? கீழ்த்தளத்தில் எட்டாவது, பத்தாவது வரிசை எடுங்க. தூசி ஒத்துக்காதவங்க மட்டும் மாடிக்குப் போங்க.