புதுப்பிப்பு: விக்கா கற்கத் தொடங்கி மூன்று மாதம்

போன பதிவில் கேட்டிருந்தேன்: வயது 18, வீடு மும்பை மாட்டுங்காவில், விக்கா (இயற்கையை வழிபட்டு மந்திரச் சடங்குகள் செய்யும் மேற்கத்தியச் சமயம்) கற்க ஆசை, ஆன்லைன் 'குரு' ஒருவர் தீட்சைக்கு ஐயாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று.

கொடுக்கவில்லை. குரு இல்லாமல் தனியாகப் பயில்பவர்களே ஏராளம் என்று நீங்கள் சொன்னதும் ஆளை பிளாக் செய்துவிட்டேன். மகாராஷ்டிராவில் 2013 முதல் பில்லிசூனியத் தடுப்புச் சட்டம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

விக்காவை ஆதிகாலத்து வித்தை என்று நினைத்திருந்தேன். பிரிட்டனில் பழைய சூனியச் சட்டம் 1951-இல் நீங்கிய பிறகுதான் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தாராம். எங்கள் பாட்டியைவிட இளசு!

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. விக்கா சடங்குக்காக ஸ்டூல் மேல் நிலத்துக்குக் கல்லுப்பு, நீருக்கு ஒரு தம்ளர் தண்ணீர், காற்றுக்கு ஊதுவத்தி, நெருப்புக்கு மெழுகுவத்தி என்று பரப்பி உட்கார்ந்திருந்தேன். பாட்டி வந்தாள். "யார் கண்ணுடி பட்டுது?" என்று உப்பை அள்ளி என் தலையை மூன்று சுற்று சுற்றி, அதே தம்ளரில் போட்டுக் கரைத்துவிட்டாள். சடங்கு அத்தோடு முடிந்தது. வளர்பிறையில் வேண்டுவது, தேய்பிறையில் விடுவது என்று விளக்கினால், "இதுக்கு வெள்ளைக்காரன் எதுக்குடி?" என்கிறாள். பதில் இல்லை.

இன்னொரு சிக்கல், பண்டிகைகள். அக்டோபர் 31 'சாவின்' (Samhain) என்ற விக்கா பண்டிகை, ஐரோப்பாவில் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாள். இங்கே அன்று ஃபேன் ஓடியும் வேர்த்துக் கொட்டியது. ஐரோப்பியப் பருவங்களை விட்டுவிட்டு நம் மழையையும் வெயிலையும் வைத்து யாராவது கொண்டாடுகிறீர்களா? எப்படி என்று சொல்லுங்கள்.