விளாம்பழ ஜெலி உறையுதில்லை, பெக்டின் போட்டும் பாணிதான்

உப்புவெளிக்காரி:
நல்லாப் பழுத்த விளாம்பழக் களி 1 கிலோ, தண்ணி 2 லீற்றர். அரை மணித்தியாலம் அவிச்சு, துணியில பிழிஞ்சு எடுத்த சாறு 1 லீற்றருக்குச் சீனி 500 கிராம். ஒரு மணித்தியாலம் காய்ச்சியும் பாணி மாதிரித்தான் நிக்குது. கேக் சாமான் கடையில வாங்கின 150 கிரேட் பெக்டின் தூளைக் கொதிக்கிற சட்டிக்குள்ள தூவ, மீன்கண் மாதிரிக் கட்டி கட்டியா மிதக்குது. எங்க பிழை? இதைத் திருத்தலாமா?

பாலையூற்று:
பழத்திலயே பிழை தொடங்குது அக்கா. காயின்ர கலச்சுவர்களை ஒட்டி வைச்சிருக்கிற பசைதான் பெக்டின். பழுக்கப் பழுக்க நொதியம் அதை வெட்டும், அதாலதான் பழம் குழையுது. வாசத்துக்குப் பாதி பழம், உறையப் பாதி செங்காய் எடுங்கோ. சாறைப் பிழியாமல் இரவிரவாத் துணியில தூக்கி வடிய விடுங்கோ. பிழிஞ்சால் ஜெலி கலங்கும், ஆனால் உறையாததுக்குக் காரணம் அதில்லை.

சீனியும் காணாது. சாதாரண பெக்டின் உறைய, இறக்கேக்க கரைஞ்ச பொருள் 65 வீதமளவில இருக்கவேணும், புளிப்பு பிஎச் 3 அளவில. 1 லீற்றருக்கு 750 கிராம் போடுங்கோ. மணித்தியாலக் கணக்காக் கொதிச்சால் பெக்டின் சங்கிலியே அறுந்துபோகும். அகலச் சட்டி, பெரிய நெருப்பு, கெதியா வத்தவேணும். எங்கட ஊர் கடல் மட்டம் எண்டபடியால் வெப்பமானி 105 பாகை காட்டேக்க இறக்கலாம்.

சாறில பெக்டின் இருக்கோ எண்டு சீனி போட முன்னமே பாக்கலாம். ஆறின சாறு 1 தேக்கரண்டி, ஸ்பிரிற்று 3 தேக்கரண்டி, ஒரு சின்னப் போத்தலில மெல்ல ஆட்டி ஒரு நிமிசம் வையுங்கோ. ஒரே கட்டியாத் திரண்டால் தாராளம். துணுக்குத் துணுக்காப் பிரிஞ்சால் காணாது. அதை வாயில வைக்கக்கூடாது, நஞ்சு.

தம்பலகாமம்:
தூள் கட்டிபட்டதுக்குக் காரணம் வேற. மணியின்ர வெளிப்பக்கம் தண்ணி பட்டவுடன பசையாகி உள்ளுக்குத் தண்ணியை விடாது. அதோட சீனி கூடின பாணியில பெக்டின் கரையவே கரையாது.

திருத்துறதெண்டால் முதல் கட்டியளை வடிச்செடுங்கோ. 150 கிரேட் எண்டால் 1 கிராம் 150 கிராம் சீனியை உறைய வைக்கும் எண்டு கணக்கு. 1 கிலோ ஜெலியில சீனி 650 கிராம், அப்ப 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல. சாறிலயும் பெக்டின் மிச்சமிருக்கும், 4 போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், நிறுங்கோ. அதை 30 கிராம் சீனியோட உலரக் கலந்து, 150 மில்லிலீற்றர் சுடுதண்ணியில அடிச்சுக்கொண்டே தூவி, ஒரு நிமிசம் கொதிக்க விட்டுச் சட்டியில ஊத்துங்கோ. 750க்குக் குறையிற 250 கிராம் சீனியையும் போட்டு 105க்கு வத்த வையுங்கோ. தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி கடைசியிலதான். முந்திப் போட்டுக் காய்ச்சினால் புளிப்பும் சூடும் சேர்ந்து பெக்டினை உடைக்கும்.

உப்புவெளிக்காரி:
சீனி வருத்தக்காரருக்குச் சீனியைக் குறைச்சு இதே தூளில செய்யலாமோ?

பாலையூற்று:
இந்தத் தூளில ஏலாது. அதுக்கு மெதொக்சில் குறைஞ்ச பெக்டின் வேணும். அது சீனியால இல்லை, கல்சியத்தால உறையும். லேபிளில ரெண்டுக்கும் ஈ440 எண்ட ஒரே சேர்மான எண்தான் இருக்கும், கடைக்காரரிட்டக் கேட்டு வாங்குங்கோ. ஜெலற்றினைத் தந்தால் வாங்காதைங்கோ: அது மாட்டெலும்பு, பண்டித் தோல் சரக்கு. பச்சை அன்னாசி பட்டால் நீத்தும் போகும். பெக்டினுக்கு அன்னாசியால ஒண்டும் ஆகாது.

தம்பலகாமம்:
போத்தலில விட்ட பிறகு 24 மணித்தியாலம் ஆட்டாதைங்கோ. உறையுற நேரம் அசைஞ்சால் தண்ணி பிரியும்.