குற்றாலம் போக நாலு நாள் லீவு, எப்படிக் கேட்பது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும்.

நாங்கள் பாளையங்கோட்டை. மகள் எட்டாவது, மகன் நாலாவது. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி 3 வருடம் கழித்து ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு வருகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார்தான் எங்கள் குலதெய்வம். சாமி கும்பிட்டுவிட்டு அப்புறம் குற்றாலத்தில் இரண்டு நாள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஐந்தருவியில் குளிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மே மாத லீவில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது.

உடம்பு சரியில்லை என்றால் மட்டும்தான் லீவு என்கிறார்கள். சரி, காய்ச்சல் என்று எழுத உட்கார்ந்தேன். "மிஸ் கேட்டா நான் என்னம்மா சொல்ல?" என்று மகள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்லி லீவு வாங்கியவர்கள் லெட்டரில் என்ன எழுதினீர்கள்? தலைமையாசிரியரை நேரில் பார்ப்பது நல்லதா? விட்டுப்போன பாடத்தை எப்படிப் பிடித்தீர்கள்? கணக்குதான் எனக்குப் பயம். டீச்சர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.