புதுப்பிப்பு: கடல் மேல போற வைஃபை லிங்க் விட்டு விட்டு வர்ற பிரச்சினை சரியாயிருச்சு

எம்.இ. நெட்வொர்க் ப்ராஜெக்ட்டுக்காக மண்டபம் கரைக்கும் பாம்பன் கரைக்கும் நடுவுல 5.8 கிகாஹெர்ட்ஸ் லிங்க் போட்டேன், தெனமும் சில நேரம் சிக்னல் படுத்துருதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சேனல் மாத்துறது, ஃபர்ம்வேர் அப்டேட், பவர் கூட்டுறது எதுவும் வேலைக்காகல. "கடல்ல பட்டு திரும்புற அலைதான் அடிக்குது, ஒரு பக்கம் உயரத்த மாத்திப் பாரு"ன்னு கீழக்கரை அண்ணன் சொன்னதுதான் சரி. சிக்னல் கிராஃப எடுத்து வச்சுப் பாத்தா தண்ணி வத்துற நேரத்துக்குத்தான் விழுகுது, நம்ம ஊரு வலைக்காரங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், எனக்குத்தான் கிராஃப் வேண்டியிருக்கு.

கணக்கு இதுதான். தூரம் 2 கிலோமீட்டர், ரெண்டு ஆன்டெனாவும் தண்ணியிலருந்து சுமார் 10 மீட்டர், நேரா வர்ற அலைக்கும் கடல்ல பட்டு வர்றதுக்கும் பாதை வித்தியாசம் 10 சென்டிமீட்டர், அலைநீளமோ சுமார் 5 சென்டிமீட்டர்தான், அதாவது வித்தியாசம் கிட்டத்தட்ட முழுசா ரெண்டு அலை, தண்ணியில படும்போது ஃபேஸ் (அலையோட மேடு பள்ளம்) வேற தலைகீழாகுதா, ரெண்டும் ஒன்னையொன்னு அழிச்சிருது.

யாரும் எதிர்பாக்காதது, ஆன்டெனாவ ஏத்தல, பாம்பன் பக்கம் 8 மீட்டருக்கு இறக்கினேன், பாதை வித்தியாசம் மாறி சிக்னல் விழுறது நின்னுருச்சு. ஆனா கண்டபடி இறக்கிறாதீங்க, நடுவுல ஃப்ரெனெல் ஸோனுக்கே (நேர்கோட்டச் சுத்தி அலைக்குத் தடையில்லாம இருக்க வேண்டிய இடம்) 5 மீட்டர் வேணும்.

இறக்கும்போது பாத்தா கேபிள் கனெக்டர் பின்னெல்லாம் உப்புக்காத்துல பச்சை பூத்திருக்கு, அதையும் மாத்தி ரப்பர் டேப் சுத்தியாச்சு.