இருவருக்கு மாதம் எவ்வளவு வருமானம் போதும்?

கேள்வி:
எனக்கு 45 வயது, கணவருக்கு 48. இன்னும் இரண்டு ஆண்டுகளில் இருவருமே வேலையை விட்டுவிட நினைக்கிறோம். வீடு சொந்தம், கடன் இல்லை. இப்போதைய மாதச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 வந்துகொண்டிருந்தால் போதும் என்கிறார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில் 1:
சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சகோதரி. பாதியைச் சேமிப்பவருக்கு அந்த 70 மிகை. முழுவதையும் செலவழிப்பவருக்குப் பற்றாது.

நான் 49 வயதில் வேலையை விட்டேன். அதற்கு முன் வங்கிக் கணக்கின் 36 மாத விவரத்தை அச்சிட்டு மேசையில் பரப்பினோம். 'எப்போதாவது வரும்' செலவுகளை மட்டும் என் மனைவி பச்சை மையால் வட்டமிட்டார். காப்பீட்டுத் தவணை, வண்டிச் சக்கரங்கள், பல் சிகிச்சை, கூரை ஒழுக்கு. வட்டம் விழாத மாதம் ஒன்றுகூட இல்லை! எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுத்துச் சேர்த்தபோது, நாங்கள் 100 என்று நம்பியிருந்த செலவு 125 ஆக நின்றது. அலுவலகம் கட்டிவந்த மருத்துவக் காப்பீடு அதற்குப் பிறகுதான் எங்கள் தலையில் ஏறியது. உங்களுக்கும் அப்படியென்றால் அதையும் இப்போதே சேருங்கள்.

பதில் 2:
மேலே சொன்ன 125ஐயே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,500. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் சொன்ன 4 சதவீதக் கணக்குப்படி, அதாவது முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால், 37,500 சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பார்த்தது அமெரிக்கச் சந்தையை, அதுவும் 30 ஆண்டுகளுக்கு. உங்களுக்கு 45 ஆண்டுகள்கூட ஆகலாம். நான் 3 சதவீதத்தையே எடுப்பேன். அப்போது 50,000 வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். ஆகவே ஏறாத வட்டியை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பதில் 3:
ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகிவிடும் என்று நாங்களும் எழுதிவைத்திருந்தோம். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டு வரி, பராமரிப்பு, மின்கட்டணத்தில் பெரும்பகுதி எதுவும் குறையவில்லை. 100 இருந்த இடத்தில் இன்று 70 ஆகிறது. வருமானமோ பாதிக்கும் கீழே. அவர் பெயரில் மட்டும் இருந்த ஓய்வூதியத் திட்டம் அவரோடு முடிந்துவிட்டது. சேரும்போது துணைக்கும் தொடரும் வகையைக் கேட்டிருந்தால் மாதத் தொகை சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஓய்வூதியத் திட்டம் இருந்தால், தயவுசெய்து இருவருமாக உட்கார்ந்து அதன் பத்திரத்தைப் படியுங்கள் அம்மா.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பத்திரத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். எங்களுடையதும் அவருடைய ஆயுள்வரை மட்டுமே. பணம் கட்டத் தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. திங்கட்கிழமை மாற்றக் கேட்கப் போகிறோம். 36 மாத விவரத்தை அவரே அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்.