பட்டுப்புடவை கேட்லாக்குக்கு மீடியம் ஃபார்மேட் தேவையா?

கேள்வி: இப்போது கையில் நிக்கான் இசட்7 இரண்டாம் மாடல், 45 மெகாபிக்சல். வேலையில் முக்கால்வாசி பட்டுப்புடவை கேட்லாக், மீதி கல்யாணம். ஜரிகையைக் கிட்டே போய் எடுத்தால் மோய்ரே (நெசவுக் கோடுகளும் சென்சாரின் பிக்சல் வரிசையும் மோதி வருகிற பொய் வடிவம்) வந்து கலர் கலராக அலை ஓடுகிறது, அதைத் திருத்தியே ராத்திரி போகிறது. செகண்ட் ஹேண்டில் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் ஒன்று வருகிறது, பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மேட் கேமரா. மாறலாமா அண்ணன்மாரே?

பதில் 1: கல்யாணத்துக்கும் அதுவே என்றால் வேண்டாம் தம்பி. தாலி கட்டுகிற நேரத்தில் ஃபோகஸ் தடுமாறினால் திரும்ப எடுக்க முடியுமா? ஃபிளாஷ் சிங்க்கும் (ஃபிளாஷோடு எடுக்க முடிகிற அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 நொடிதான். நிக்கானை விற்காமல் வாங்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதில் 2: சென்சார் 43.8 × 32.9 மி.மீ., ஃபுல் ஃபிரேமைவிட (உங்கள் நிக்கானின் சென்சார் அளவு) பரப்பில் சுமார் 1.7 மடங்கு, சரி. ஆனால் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் நான்காம் மாடலிலும் அதே அளவுதான், அதனால் மோய்ரே குறையுமே தவிர அடியோடு போகாது. உங்களுக்கு உண்மையிலேயே உதவப்போவது பிக்சல் ஷிஃப்ட். சென்சாரை நூலிழை நகர்த்திப் பல ஷாட் எடுத்துச் சேர்ப்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் நிஜ நிறமே பதிவாகும், ஜரிகைக்கு அருமை. டிரைபாடில், ஆடாமல் விரித்து வைத்த புடவைக்கு மட்டும்தான், மாடல் கட்டிக்கொண்டு நின்றால் நடக்காது. அதற்கு முன் இருக்கிற கேமராவிலேயே லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்துப் பாருங்கள், டிஃப்ராக்ஷனில் (சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவது) லேசாக மென்மையாகி மோய்ரே பாதி அடங்கும்.

பதில் 3: பாடி விலையோடு நிற்காது. லென்ஸ் எல்லாம் புதுசாக வாங்க வேண்டும், சுருக்காத 16-பிட் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற ஃபைல்) ஒன்றே 200 எம்பியைத் தொடும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்களைப் படுத்துகிற அதே புடவையை எடுத்துப் பாருங்கள்.