பித்தளை பாடி மாட்டினால் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும் பொம்மை) காரின் சிக்னல் அறுந்து போகிறது, உதவுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது டாமியா கம்பெனியின் டிடி-02 சேசிஸ், நிஜக் காரில் 1/10 அளவு, ரிமோட்டின் சிக்னலை வாங்க 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். இதற்கு அம்பாசடர் பாடி ஒன்றை 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் சித்திரையிலிருந்து அடித்து வருகிறேன். பாத்திரப் பட்டறை அண்ணன் ஒருவர் கூட இருந்து பானட்டின் வளைவைத் தட்டிக் கொடுத்தார். தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் விரிசலே விழவில்லை. அவ்வளவு அழகாக வந்திருக்கிறது.

பிரச்சினை ஓட்டும்போதுதான். பாடி இல்லாமல் கோயில் பொட்டலின் மறுகோடி வரை தாராளமாக ஓடுகிறது. பாடியை மாட்டினால் பதினைந்து மீட்டரிலேயே ஸ்டீயரிங் வெட்டி வெட்டி இழுக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. வண்டி எனக்கு முதுகு காட்டி ஓடும்போதுதான் அதிகம்.

வேறு ரிசீவர் போட்டாயிற்று. மோட்டாரின் மின் இரைச்சலை அடக்கும் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. பாடி சேசிஸைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் வாஷர் வைத்தேன். ஆன்டெனா வயரை முன்கண்ணாடி ஓரமாக ஏற்றியதில் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். கூரையில் குழாய் வைத்து வெளியே நீட்டினால் சரியாக ஓடுகிறது. ஆனால் அம்பாசடர் கூரையில் ஓட்டை போட மனசு வரவில்லை.

ஆன்டெனா நுனியில் உறை நீக்கிய 31 மி.மீ. பகுதிதான் சிக்னலை வாங்குகிறது. கூரையைத் துளைக்காமல், உலோக பாடியில் அந்த நுனியை எங்கே வைத்தால் எல்லாப் பக்கமும் சிக்னல் கிடைக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், முடிந்தால் படத்தோடு.